முத்துமாரி வரையாத படம்

1. பெயின்ட் டப்பா

டிராயிங் மாஸ்டராக நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், தலைமையாசிரியர் என் ஆர்டரைப் படித்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு எனாமல் பெயின்ட் டப்பாவை எடுத்து வைத்தார்.

"நல்ல நேரத்துக்கு வந்தீக. பெஞ்சுக்கெல்லாம் நம்பர் போடணும். பொறவு தண்ணித் தொட்டியில 'குடிநீர்'னு எழுதிருங்க."

"கிளாஸ் எப்ப சார் எடுக்கணும்?"

"கிளாஸா? டிராயிங் பீரியட கணக்கு வாத்தியார் எடுத்துக்கிடுவாரு. பத்தாம் கிளாஸ் ரிசல்ட்டு முக்கியமில்லையா?"

அன்று மாலைக்குள் நாற்பத்திரண்டு பெஞ்சுகளுக்கு நம்பர் போட்டேன். ஃப்ரீஹேண்ட் ஹையர், மாடல் டிராயிங் ஹையர் என்று ஒவ்வொரு பரீட்சையாக எழுதி, டி.டி.சி. ஆசிரியர் பயிற்சி முடித்து, பல வருஷம் காத்திருந்து வாங்கிய வேலை அது. சட்டையெல்லாம் பெயின்ட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, தெரிந்தவர் ஒருவர், "எங்க, வெள்ளையடிக்கப் போயிட்டு வாரீகளா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "ஆமா" என்று சொல்லிவிட்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இதை எழுதச் சொன்னவர்கள் இளம் ஓவிய ஆசிரியர்கள். உங்கள் அனுபவங்களை எழுதுங்கள், எங்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்றார்கள். ஊக்கம் தரக்கூடியது என்னிடம் அதிகமில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

2. கையெழுத்து போடாதவர்கள்

ஒரு டிராயிங் மாஸ்டர் முப்பது வருஷத்தில் என்னென்ன செய்வார்? ஆண்டுவிழா மேடைக்குப் பின்திரை. அறிவியல் கண்காட்சிக்கு இதயமும் சிறுநீரகமும். இன்ஸ்பெக்ஷன் வந்தால் வரவேற்புப் பலகை. வருகிற அதிகாரியின் முகம் பென்சில் படமாக, ஃபிரேம் போட்டு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் கட்டம் போட்டு, சார்ட்டில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக மூக்கையும் மீசையையும் ஏற்றி வரைவோம். அதிகாரி வாங்கிப் பார்த்து, "கண்ணு கொஞ்சம் சின்னதாப் போச்சோ" என்பார். அவர் கண் அப்படித்தான் இருக்கும், அதைச் சொல்ல முடியாது.

காம்பவுண்ட் சுவரில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியதும் நான்தான். என் எழுத்தில் ஊர் அதிகமாகப் படித்தது அதைத்தான். படித்துக்கொண்டே கழித்தவர்களும் உண்டு.

இவ்வளவிலும் எங்கள் பெயர் எங்கேயும் வராது. பலகை செய்து கொடுத்தவருக்கு 'உபயம்' என்று பெயர் வரும். அதையும் நாங்களே எழுதுவோம். படத்தின் மூலையில் கையெழுத்து போடும் பழக்கம் எங்களுக்கு வரவேயில்லை. சேர்ந்த புதிதில் ஒரு பின்திரையில் என் இனிஷியலைச் சின்னதாகப் போட்டேன். தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியை இறக்கி, "இது என்ன கறை?" என்று கேட்டார். வெள்ளை பெயின்ட் வைத்து அழித்தேன். அதோடு விட்டது அந்த ஆசை.

ஆனால் எல்லோர் வீட்டிலும் ஏதாவது இருந்தது. டெக்னிக்கல் பரீட்சை டியூட்டியில் வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் சந்திப்போம். டீ குடிக்கும்போது, "நான் நமக்குன்னு கொஞ்சம் வரைஞ்சு வச்சிருக்கேன்" என்று ஒருவர் மெல்ல ஆரம்பிப்பார். நமக்குன்னு. அப்படித்தான் அதைச் சொல்வோம். பரணில், பீரோவுக்குப் பின்னால், பாயில் சுருட்டி வைத்திருப்போம். என்னிடமும் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடித் தேர் நகர்ந்துபோன பிறகு தெருவில் கிடக்கும் செருப்புகளை வருஷா வருஷம் வரைந்து வந்தேன். தேரை எல்லோரும் வரைகிறார்கள்.

ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளைகளின் படங்களை எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறோம். ஒரு தடவை எங்கள் படங்களை, எங்கள் பெயரில், ஊர் பார்க்க மாட்டினால் என்ன? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்து ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். மூத்தவன் என்று என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள்.

3. சுபைதா டீச்சரின் வெள்ளை

அந்தப் பன்னிரண்டு பேரில் சுபைதா டீச்சர் பகுதிநேர ஆசிரியர். ராஜபாளையத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் அடுத்த வருஷம். கணவருக்கு பிளாஸ்டிக் சாமான் கடை. பிறந்த வீடு சத்திரப்பட்டி. அங்கே பாதி ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிறது, மீதி ஊர் அதை வெளுத்துக் காயப்போட்டு மடிக்கிறது.

படங்களைத் தேர்ந்தெடுக்க நான் வீடு வீடாகப் போனேன். சுபைதா டீச்சர் ஒரே ஒரு படம்தான் எடுத்து வைத்தார். நாலடி அகலத்தில் வாட்டர்கலர்.

வெளுத்த துணி வரிசை வரிசையாக வெயிலில் தொங்குகிறது. நடுவில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து துணி மடிக்கிறாள். அவள் கட்டியிருப்பதும் வெள்ளை. பின்னால் வானம் வெயிலில் வெளிறிப் போயிருக்கிறது. மொத்தப் படமும் வெள்ளை. ஆனால் வெள்ளை பெயின்ட்டை அவர் தொடவேயில்லை. காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு, நிழலை மட்டும் நீலமும் சாம்பலுமாகப் போட்டுப் போட்டே துணியைக் கொண்டுவந்திருந்தார். வாட்டர்கலரில் ஒரு சொட்டு தவறினால் திருத்த முடியாது. நாலடிக்கு எங்கேயும் தவறவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. முப்பது வருஷத்தில் நான் அப்படி ஒன்று வரைந்ததில்லை. இனி வரையப் போவதுமில்லை.

"யாரு டீச்சர் இது?"

"எங்க அம்மா சார். இருவத்தஞ்சு வருஷம் மடிச்சாங்க. இந்த விரலப் பாருங்க."

படத்தில் அந்தப் பெண்ணின் வலது சுட்டுவிரல் மட்டும் மடங்காமல் நேராக நின்றது. தறியில் அடிபட்டு நரம்பு போய்விட்டதாம். மற்ற நாலு விரலால் மடித்தே பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்.

"அம்மா பாத்தாங்களா?"

"இல்ல சார். நான் என்னமோ ஸ்கூல்ல கோலம் போட்டுக் குடுக்கேன்னுதான் நெனச்சிருக்காங்க. கண்காட்சியில வச்சு, பேரோட காட்டுறேன். எங்க வீட்டு ஆள்க எல்லாரையும் கூட்டியாருதேன்."

பேனாவை எடுத்து, மூலையில் பெயர் போடட்டுமா என்று கேட்டார். நான்தான் தடுத்தேன். "வேண்டாம் டீச்சர். வெள்ளை கெட்டுரும். கீழ லேபிள்ல நான் அழகா எழுதித் தாரேன்" என்றேன். அவர் பேனாவை மூடினார்.

4. அனுமதி

இடத்துக்கு எங்கள் பள்ளி ஹாலைக் கேட்டேன். அப்போதைய தலைமையாசிரியர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"சார், ஆசிரியர் கண்காட்சின்னு ஒன்னு எந்த சுற்றறிக்கையிலும் கெடையாது. மாணவர் ஓவியக் கண்காட்சின்னு லெட்டர் குடுங்க. அனுமதி வாங்கித் தாரேன். பொறவு ஒரு சுவத்துல உங்க படத்த மாட்டிக்கோங்க, யாரு கேக்கப் போறா?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மாணவர் ஓவியக் கண்காட்சி என்று நானே லெட்டர் எழுதி, நானே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து போடாமலே பழகியவன் போட்ட ஒரே கையெழுத்து அதில்தான்.

இரண்டு நாள் படங்களை மாட்டினோம். இடது சுவர் எங்கள் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு, வலது சுவர் எங்களுக்கு. வலது சுவரின் நடுவில் சுபைதா டீச்சரின் படம். ஹால் கதவைத் திறந்ததும் கண் நேரே அதில்தான் போகும். ஐவரி கார்டு வெட்டி, ஃப்ளாட் பிரஷ்ஷால் எல்லோர் பெயரும் எழுதி ஒட்டியிருந்தேன். என் பெயரையும் எழுதினேன்.

திறப்பு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

"சார், மாவட்டத்துல இருந்து பெரிய அதிகாரி நாளைக்கு வாராரு. மாணவர் கண்காட்சின்னு லெட்டர்ல பாத்திருக்காரு. அவரே திறந்து வைக்காராம்."

"வரட்டுமே."

"என்ன வரட்டுமே? உள்ள வந்தா வாத்தியார்மாரு படம் தொங்குது. பொய் லெட்டர் குடுத்தது யாருன்னு முதல்ல என்னையக் கேப்பாரு, பொறவு உங்களக் கேப்பாரு. மெமோ வந்தா உங்க பென்ஷன் பேப்பர் என்ன ஆகும்? ஒன்னு படத்தக் கழட்டுங்க. இல்லாட்டி பேர மாத்துங்க."

"எப்படி மாத்த?"

"பிள்ளைக பேர எழுதுங்க. ஒரு நாள்தான? திங்கக்கிழம கழட்டிருவோம்."

5. லேபிள்

நான் போனை எடுத்து ஒவ்வொருவராகக் கேட்டேன். கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். யாரும் கோபப்படவில்லை. "சரி சார், படம் தொங்குனா போதும்" என்றார்கள். "நம்ம பேர யாரு பாக்கப் போறா?" என்று ஒருவர் சிரித்தார். ஒருவர் தன் மகன் பெயரையே போடச் சொன்னார்.

சுபைதா டீச்சர் போனை எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன். வகுப்பில் இருந்தால் போனைப் பைக்குள் வைத்துவிடுவார். நாலாவது தடவை நான் அடிக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கு வரை என்னையே கேட்கிறேன். அவர் மட்டும் 'வேண்டாம், என் படத்தைக் கழட்டிருங்க' என்று சொல்லிவிடுவார் என்ற பயம்தான். அந்தப் படத்தைக் கழற்றினால் சுவரின் நடுவில் நாலடிக்கு ஓட்டை விழும். மொத்த ஹாலும் அசிங்கமாகிவிடும். அவருக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை, சுவருக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன்.

புது கார்டு வெட்டி உட்கார்ந்தேன். எழுத்து வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதும்போது வார்த்தை தெரியாது, வடிவம்தான் தெரியும். 'மு'வின் சுழியும் 'த்'தின் வாலும் முட்டக் கூடாது, 'ரி'யின் வளைவு மேல்கோட்டைத் தாண்டக் கூடாது, இடைவெளி எங்கேயும் கூடக் குறைய இருக்கக் கூடாது. இதுதான் புத்தியில் ஓடும். யார் பெயர், எதற்கு எழுதுகிறோம் என்பதெல்லாம் பின்னால் போய்விடும். முப்பது வருஷம் அடுத்தவர் பெயரை எழுதி எழுதி எனக்கு அது நன்றாகவே பழகியிருந்தது.

சுபைதா டீச்சரின் வகுப்பில் நன்றாக வரையும் பிள்ளை ஒன்று உண்டு. பெயர் முத்துமாரி. இடது சுவரில் அவள் வரைந்த ஒரு மைனாப் படம் ஏற்கெனவே தொங்கியது. அந்தப் பெயரை எழுதினேன். 'எஸ். முத்துமாரி, ஒன்பதாம் வகுப்பு.' அன்று எழுதிய பன்னிரண்டு லேபிளில் அதுதான் நன்றாக வந்தது. தள்ளி வைத்துப் பார்த்து ரசித்தேன். அதுதான் எனக்கு இப்போதும் தாங்க முடியவில்லை. ரசித்தேன்.

மாலையில் டீச்சருக்கு ஒரு மெசேஜ் போட்டேன். 'லேபிளில் சிறு மாற்றம். நேரில் சொல்கிறேன்.' எவ்வளவு நயமாக எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

6. சனிக்கிழமை

அதிகாரி ரிப்பன் வெட்டினார். நேரே நடுப்படத்துக்குப் போனார். ரொம்ப நேரம் நின்றார். அவருக்கு நல்ல கண் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.

"ஒன்பதாவது படிக்கிற பிள்ளையா இதப் போட்டுச்சு?"

"ஆமா சார். நல்ல டேலன்ட் சார்" என்றார் தலைமையாசிரியர்.

"எங்க அந்தப் பிள்ள?"

முத்துமாரியைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். அவளுக்குக் காலையில்தான் சொல்லியிருந்தோம். அதிகாரி தலையில் கை வைத்துப் பாராட்டினார். அவள் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடக்கமான பிள்ளை என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைத்தது. படம் தன் அலுவலகத்தில் மாட்டப்பட வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பதினொரு மணிக்கு ஊர் ஜனம் வர ஆரம்பித்தது. என் செருப்புப் படத்தின் முன்னால் ஒருவர் நின்று, "இதுல என் செருப்பு இருக்கான்னு பாக்கேன், போன வருஷம் தொலைஞ்சது" என்றார். ராஜபாளையத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எல்லாப் படத்தையும் சுற்றிப் பார்த்து, "பாகுந்தி, பாகுந்தி" என்று தலையாட்டினார். அவர் வீட்டில் தெலுங்கு, நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். என்னிடம் வந்து, "எங்க வீட்டு நாய இப்படிப் பெரிசாப் போட்டுத் தருவீகளா?" என்று கேட்டார். போட்டோ அனுப்புங்கள் என்றேன். பழக்கம்.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. சுபைதா டீச்சர் இறங்கினார். கணவர், மாமியார், நாத்தனார், டீச்சரின் அத்தா, அம்மா, பிள்ளைகள் என்று மொத்தம் பதினொரு பேர். எல்லோரும் பெருநாளுக்கு உடுத்துகிற உடுப்பில் வந்திருந்தார்கள். டீச்சர் என் மெசேஜைப் பார்த்திருந்தார். இனிஷியலில் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டாராம், பிறகு சொன்னார்.

உள்ளே வந்தவர், படத்தைப் பார்த்தார். லேபிளைப் பார்த்தார். பிறகு ஹாலில் என்னைத் தேடினார். அதிகாரி அங்கேதான் நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு தலைமையாசிரியர்கள். டீச்சருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியவர் அதில் ஒருவர்.

அம்மா அதற்குள் படத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார். மெல்லிய, உயரமான பெண்மணி. முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு செத்த நேரம் பார்த்தார்.

"ஏட்டி சுபைதா, இது நானுல்லா?"

அம்மா குனிந்து லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தார். என் எழுத்து அவ்வளவு தெளிவு, அவராலும் படிக்க முடிந்தது.

"எஸ். முத்துமாரி. இது யாரு?"

"என் கிளாஸ் பிள்ளம்மா. அவதான் வரைஞ்சா. நான் சொல்லிக் குடுத்தேன்."

"அந்தப் பிள்ள என்னைய எங்க பாத்துச்சு?"

டீச்சர் கணவரைப் பார்த்தார்.

"நான் அத ஒரு நாளும் கண்டதில்லையே. என் வெரலு மடங்காதது அதுக்கு எப்படித் தெரியும்?"

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அம்மா திரும்பினார். பக்கத்தில் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றவன் நான்தான்.

"நீங்க பெரிய சாரா? நீங்க சொல்லுங்க. இது இவ வரைஞ்சதா, அந்தப் பிள்ள வரைஞ்சதா?"

அதிகாரி காபி டம்ளரோடு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். உங்கள் மகள் வரைந்ததுதான் அம்மா என்றால் முடிந்தது. பிறகு என்ன வந்தாலும் எனக்கு வந்திருக்கும், கொஞ்சம் டீச்சருக்கும் வந்திருக்கும். நான் அவருக்காகத்தான் வாயை மூடினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் பென்ஷன் பேப்பருக்காக மூடினேன்.

"பிள்ள வரைஞ்சதுதாம்மா" என்றேன். "டீச்சர் உங்க போட்டோவக் காட்டியிருப்பாங்க."

அம்மா தலையாட்டினார். "சார் சொன்னா சரிதான்" என்று மறுபடி படத்தைப் பார்த்தார். முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. பிறகு, பெருந்தன்மையாக, "நல்லாப் போட்டிருக்கு அந்தப் பிள்ள. நல்லா இருக்கட்டும்" என்றார்.

வேன் கிளம்புவதற்கு முன் சுபைதா டீச்சர் தனியாக என்னிடம் வந்தார். அழுவார், திட்டுவார் என்று நின்றேன். லேபிளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"எழுத்து நல்லா வந்திருக்கு சார்" என்றார்.

அவ்வளவுதான். போய்விட்டார்.

7. சான்றிதழும் கடிதமும்

திங்கட்கிழமை எல்லாப் படத்தையும் கழற்றினோம், அந்த ஒன்றைத் தவிர. அது ஏற்கெனவே ஜீப்பில் ஏறிப் போயிருந்தது.

ஒரு மாதம் கழித்து எங்கள் பள்ளி வழியாக முத்துமாரிக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அச்சடித்த சான்றிதழ், பெயருக்கு மட்டும் கோடு விட்டிருந்தது. பெயர் எழுதுகிற வேலை வழக்கம்போல டிராயிங் மாஸ்டருக்கு. எழுதினேன். அந்தப் பிள்ளை அதை வாங்கிக்கொண்டு போய் சுபைதா டீச்சரின் மேஜையில் வைத்துவிட்டு அழுதிருக்கிறாள். அவர்தான் அவளைச் சமாதானப்படுத்தி எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பள்ளியில் யார் வந்தாலும் அவளைக் கூப்பிட்டு, "அந்த மாதிரி இன்னொன்னு போடு" என்பார்கள். அவளுக்கு மைனா நன்றாக வரும். சொந்தமாக ஒரு கை உருவாகிக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்போடு பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். ஒரே லேபிளில் இரண்டு பேரை முடித்துவிட்டேன்.

நான் மரியாதையாக ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள். பின்திரையில் என் பெயரைப் பெரிசாகப் போட்டிருந்தார்கள். எழுத வேறு ஆள் கிடைக்காததால் பிளெக்ஸ் அடித்திருந்தார்கள்.

பென்ஷன் பேப்பர் எல்லாம் முடிந்த பிறகு, பயப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று ஆன பிறகு, அதுவும் நாலு வருஷம் தள்ளித்தான், எனக்குத் தைரியம் வந்தது. அந்த அலுவலகத்துக்குப் போனேன். மாடிப்படி ஏறும் இடத்தில் படம் தொங்கியது. வெயில் நேராக அடிக்கிற சுவர். நீலம் கொஞ்சம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. லேபிள் மட்டும் புதுசு போல இருந்தது.

செக்ஷன் கிளார்க்கிடம் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"சார், பழைய அதிகாரி மாறிப் போயிட்டாரு. ரெஜிஸ்டர்ல மாணவி படைப்புன்னு ஏறியிருக்கு. மாத்தணும்னா ஒரிஜினல் ஆர்ட்டிஸ்ட் எழுதிக் குடுக்கணும். அந்த டீச்சர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கியாங்க. உங்க லெட்டரும் கூட வைங்க, நாந்தான் தப்பா எழுதுனேன்னு. ரெண்டும் இருந்தா நான் ஃபைல்ல போட்டு வைக்கேன்."

எவ்வளவு லேசான காரியம். இரண்டு லெட்டர். வீட்டுக்கு வந்து என் லெட்டரை எழுதினேன். நயமெல்லாம் இல்லாமல், நான் செய்ததை நான் செய்ததாக எழுதினேன். அவர் கையெழுத்துப் போட வேண்டிய லெட்டரையும் நானே எழுதி எடுத்துக்கொண்டேன். பெயருக்குக் கீழே இடம் விட்டிருந்தேன்.

8. சத்திரப்பட்டி

சுபைதா டீச்சர் அன்று பிறந்த வீட்டில் இருப்பதாக அவர் கணவர் சொன்னார். சத்திரப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். கண்காட்சி நடந்து அப்போது ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இன்னும் பகுதிநேரம்தான். என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, இரண்டு லெட்டரையும் நிதானமாகப் படித்தார். படித்து, மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் சார்."

"இப்ப என்ன பயம் டீச்சர்? எல்லாப் பழியும் என் மேலதான எழுதியிருக்கேன்?"

"பயமில்ல சார். எங்க அம்மா அன்னைக்கு நான் சொன்னத நம்பல. நீங்க சொன்னதத்தான் நம்புனாங்க. இவ்வளவு படிச்ச சார் பொய் சொல்ல மாட்டாருன்னு. வீட்டுக்கு வந்து பத்து நாள் ஒன்னும் பேசல. பொறவு அந்தப் பிள்ளையப் பத்திக் கேக்க ஆரம்பிச்சாங்க. போட்டோவப் பாத்தே என்னைய இப்படிப் போட்டுருக்கே, அதுக்கு எம்புட்டுப் பாசம் இருக்கணும்னு. அஞ்சு வருஷமா ஒவ்வொரு பெருநாளுக்கும் நெய்ச்சோறு டப்பாவுல வச்சு, முத்துமாரிக்குக் குடுன்னு என் கையில குடுத்து விடுதாங்க. நான் கொண்டுபோய்க் குடுக்கேன். அவ இப்ப கிருஷ்ணன்கோவில்ல இன்ஜினியரிங் படிக்கா. காலேஜ் பஸ்ஸ விட்டு எறங்குற எடத்துல நிப்பேன். வாங்கிக்கிடுவா. ரெண்டு பேருக்கும் பேசுறதுக்கு ஒன்னுமிருக்காது."

"உண்மையச் சொல்லிருவோமே டீச்சர். அம்மா சந்தோசப்படுவாங்கள்ல?"

"எதுக்கு சார் சந்தோசப்படுவாங்க? மக எல்லார் முன்னாலயும் நின்னு, ஒங்கள நான் வரையலன்னு சொன்னாளே, அதுக்கா?"

நான் எழுந்தேன். அதற்குள் உள் அறையிலிருந்து அம்மா வந்துவிட்டார். வயதாகியிருந்தது, ஆனால் ஆள் அடையாளம் தெரிந்தது அவருக்கு.

"பெரிய சாருல்லா? வாங்க. அந்தப் பிள்ள முத்துமாரி எப்படி இருக்கு சார்? ஒரு தடவ கூட்டியாங்க சார் அத. நான் பாத்ததே இல்ல."

பையில் இரண்டு லெட்டர் இருந்தது. பென்ஷன் என் பேங்கில் இருந்தது. என்னைத் தடுக்க அந்த வீட்டில் எந்த அதிகாரியும் இல்லை. சுபைதா டீச்சர் என்னைப் பார்க்காமல் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"நல்லா இருக்காம்மா" என்றேன். "கூட்டியாரேன்."

இளம் ஆசிரியர்களே, ஊக்கம் கேட்டீர்கள். இதுதான் என்னிடம் இருக்கிற பாடம். சொல்ல வேண்டியதை, கேட்ட அந்த நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள். மெமோ வந்தால் விளக்கம் எழுதிக் கொடுக்கலாம், அதற்கு ஃபாரம் இருக்கிறது. சத்திரப்பட்டி பஸ் ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தும், அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுக்க என்னிடம் ஒரு வரி கூட இல்லை.